ராத்திரி வேலை, பகல் உறக்கம்: சொந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ராத்திரி இரண்டரை மணிக்கு விளக்கு எரிகிற வீடுகள் இரண்டுதான். ஒன்று சித்தப்பா வீடு. அவர் ரப்பர் பால்வெட்டுக்காரர், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம் அது. இன்னொன்று என் அறை. அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு வீடியோ எடிட் செய்து அனுப்பிவிட்டு நான் படுக்கப் போகிற நேரம். சித்தப்பாவை ஊரில் உழைப்பாளி என்கிறார்கள். என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னது: "பய ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர்ல இருக்கான், பகல்ல கெடந்து உறங்குதான், டாக்டர்ட்ட ஒண்ணு காட்டுங்க."

அக்கா சொன்னதில் பாதி சரிதான். முதல் ஒன்றரை வருடம் நான் உறங்கிய லட்சணத்துக்கு டாக்டரிடம் காட்டியிருக்கலாம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வேலை செய்ய ஆரம்பிக்கிற எல்லாருக்கும் முதல் மாதத்தில் ஒரு சந்தோஷம் வரும், இனி அலாரம் கிடையாது, விருப்பப்பட்ட நேரம் உறங்கலாம் என்று. இரண்டாவது மாதம் ஒருநாள் ஐந்து மணிக்கும் ஒருநாள் பதினொரு மணிக்கும் படுத்து, எழும்பும்போது காலையா மாலையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டாவது மாதத்தில் இருக்கிறவர்களுக்கும் அதற்குள் போகப் போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறங்கும் நேரத்தை நகர்த்தலாம். இரண்டாகப் பிரிக்கவும் செய்யலாம். அளவைக் குறைக்க முடியாது. வளர்ந்தவர்களுக்கு ஒருநாளைக்கு 7 மணி நேரமாவது வேண்டும், அதில் பேரம் இல்லை. கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த 7 மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைப் பற்றியவை.

படிகளுக்கு முன், செய்யக்கூடாத ஒன்று

ஒருநாளைக்கு 2 மணி நேரம் மட்டும் உறங்கி 22 மணி நேரம் வேலை செய்யலாம் என்று ஒரு முறை இணையத்தில் சுற்றுகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை 20 நிமிடம், ஆக மொத்தம் 6 குட்டி உறக்கம். ஊபர்மேன் என்று பெயர். 3 மணி நேரம் ஒரே உறக்கமும் 20 நிமிட உறக்கம் மூன்றுமாக எவ்ரிமேன் என்று அதன் தம்பியும் ஒருவர் உண்டு. புதிதாகத் தனியே தொழில் செய்ய வந்தவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இது கண்ணில் படும், பட்டால் ஆசை வரும், எனக்கும் வந்தது.

ஒன்பது நாள் தாக்குப் பிடித்தேன். மூன்றாம் நாள் தலை கனத்தது, நாலாம் நாள் பழகிவிட்டது என்று நினைத்தேன், ஆறாம் நாள் அதிகாலை 3:40-க்கு ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பர வீடியோவை முடித்து அனுப்பினேன். காலையில் அவர்கள் கூப்பிட்டார்கள். கடைசி 4 விநாடி வேறொரு வாடிக்கையாளரின் லோகோ, நாய்த் தீவனம் விற்கிறவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், ஆனால் அடுத்த வேலை வரவில்லை. இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், அனுப்புவதற்கு முன் அந்த வீடியோவை நான் மூன்று தடவை முழுதாக ஓட்டிப் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் அந்த லோகோ என் கண்ணுக்குத் தப்பாகத் தெரியவே இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து கிடையாது. 2003-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆட்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே உறங்க விட்டுச் சோதித்தார்கள். இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனம், ஓரிரு ராத்திரி கொஞ்சமும் உறங்காமல் விழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களைக் கேட்டால், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றார்கள். குறைவாக உறங்குகிறவரிடம் போய் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்பது, குடித்தவரிடம் போதையா என்று கேட்கிற மாதிரி. அமெரிக்காவின் தேசிய உறக்க அறக்கட்டளை கூட்டிய நிபுணர் குழுவும் 2021-இல் இந்தத் துண்டு துண்டு உறக்க முறைகளை எடுத்துப் பார்த்து, பலன் ஏதும் இல்லை, கெடுதல் உண்டு என்றே சொன்னது. சரி, இதை இத்தோடு விடுவோம்.

உடம்பு எப்படிக் கணக்கு வைக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் படிகளைப் பின்பற்றினால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 1982-இல் ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றைக்கும் உறக்க ஆராய்ச்சியில் அதுதான் அடிப்படை. இரண்டு விஷயம் சேர்ந்து நம்மை உறங்க வைக்கின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்கச் சேருகிற உறக்கப் பாரம். ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுச் சொட்டாக நிறைகிற மாதிரி, மூளையில் அடினோசின் என்கிற பொருள் கூடிக்கொண்டே வரும். உறங்கினால் சிரட்டை காலியாகும். இன்னொன்று உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம். நீங்கள் உறங்கினாலும் உறங்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும், ராத்திரியில் உடல் வெப்பத்தை இறக்கும், காலையில் ஏற்றும்.

இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை 8 மணிக்குப் படுத்தால் உறக்கம் வராமல் புரள்வது இதனால்தான். சிரட்டை நிரம்பி வழிகிறது, ஆனால் கடிகாரம் விடிந்துவிட்டது எழும்பு என்கிறது. இரண்டும் ஒத்துப் போனால்தான் நல்ல உறக்கம்.

அந்தக் கடிகாரத்தின் ஒருநாள் சரியாக 24 மணி நேரம் இல்லை, சராசரியாக 24.2 மணி நேரம். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். இந்தக் கூடுதல் சில நிமிடங்களால் நமக்கு ஒரு லாபம் உண்டு: படுக்கும் நேரத்தைப் பின்னால் தள்ளுவது, அதாவது தாமதமாகப் படுப்பது, பெரும்பாலோருக்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வளையாது என்பதையும் சொல்ல வேண்டும். 1938-இல் நத்தானியேல் கிளெய்ட்மன் என்ற உறக்க ஆய்வாளரும் அவருடைய மாணவரும் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். மாணவருக்கு ஒரு வாரத்தில் பழகிப்போனது. 43 வயதான கிளெய்ட்மனுக்குக் கடைசி வரை பழகவே இல்லை. அதனால் உங்கள் கூட்டுக்காரர் ராத்திரி 4 மணி வரை வேலை செய்து நன்றாக இருக்கிறார் என்பது உங்களைப் பற்றி எதையும் சொல்லாது.

முதல் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய டைரியில் தினமும் மூன்றே விஷயம்: எப்போது படுத்தீர்கள், எப்போது தானாக விழிப்பு வந்தது, வேலையில் எந்த இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது. செயலி, வாட்ச் எதுவும் வேண்டாம். முடிந்தால் அலாரம் இல்லாமல் இருங்கள். முதல் மூன்று நான்கு நாள் பழைய கடனுக்கு 9, 10 மணி நேரம்கூட உறங்குவீர்கள், அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் அளவு. எனக்கு 7 மணி 20 நிமிடம் வந்தது. ஆறே போதும் என்று பத்து வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாம் படி: வாடிக்கையாளர் நேரத்தைக் கணக்கிடுங்கள்

அமெரிக்க வாடிக்கையாளர் என்றதும் முழு ராத்திரியும் விழித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேலைக்கு அவர்களோடு ஒரே நேரத்தில் இருக்க வேண்டியது தினமும் ஒன்றிரண்டு மணி நேரம்தான், மிச்சத்தை எப்போது செய்தாலும் ஒன்றுதான். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் எது என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட்டு ஒரு வருடம் சும்மா விழித்திருந்தவன் சொல்கிறேன்.

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு அங்கே கோடைக்காலத்தில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. கலிபோர்னியா என்றால் இரவு 9:30 அல்லது 10:30. லண்டன் காலை 9 நமக்கு மதியம் 1:30 அல்லது 2:30. சிட்னி காலை 9 நமக்கு அதிகாலை 4:30, அவர்களுடைய கோடையில் 3:30. அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இரண்டும் ஒரே நாளில் மாறாது. இரண்டு நாட்டிலும் வாடிக்கையாளர் இருந்தால் மார்ச்சில் அந்த இடைப்பட்ட வாரங்களில் மீட்டிங் ஒன்று கண்டிப்பாகத் தவறும், காலண்டரில் இன்றைக்கே குறித்துவையுங்கள்.

மூன்றாம் படி: மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதலாவது, பால்வெட்டுக் கணக்கு. நம் மாவட்டத்தில் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை, பாதிப் பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள். ரப்பரை வெளுப்பான்காலத்தில், அதாவது விடிகாலையில், வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். தோவாளை பூச்சந்தை விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் வள்ளக்காரர்கள் நடுச்சாமத்தில் கடலில் இறங்குவார்கள். சித்தப்பா எட்டு மணிக்குப் படுப்பார், இரண்டேகாலுக்கு எழும்புவார், உச்சைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் உறங்குவார். கூட்டினால் ஏழே முக்கால். முப்பது வருடமாக அதே நேரம். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒருதடவை கேட்டதற்கு, "ரெண்டேகாலுக்கு எழும்பணும்னா எட்டுக்குப் படுக்கணும், இதுல என்ன இருக்கு மக்களே" என்றார். ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கும், எழுத்து, கோடிங் மாதிரி யாரும் தொந்தரவு செய்யக்கூடாத வேலைக்காரர்களுக்கும் இது பொருந்தும். இரவு 8 முதல் 3 வரை உறங்கினால் போதும்.

இரண்டாவது, பிரித்து உறங்குவது. ராத்திரி 12:30 முதல் 6 வரை, மதியம் 1:30 முதல் 3 வரை. பள்ளிக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதுதான் நடைமுறைக்கு வரும். ஆய்வாளர்கள் இதில் பெரிய துண்டுக்கு வைத்த பெயரைத் தமிழில் நங்கூர உறக்கம் எனலாம்: குறைந்தது 4 மணி நேரம் தினமும் ஒரே நேரத்தில் உறங்கினால் உடம்புக் கடிகாரம் இழுத்துக்கொண்டு போகாமல் நிற்கும், மிச்சத்தைப் பகலில் சரிக்கட்டலாம். அக்காலத்து மனிதர்கள் எல்லாரும் இரண்டு துண்டாகத்தான் உறங்கினார்கள், அதுதான் இயற்கை என்றும் சிலர் சொல்வார்கள். ஐரோப்பாவில் முன்னுறக்கம், பின்னுறக்கம் என்ற வழக்கம் இருந்ததை ரோஜர் ஈகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியது உண்மைதான். ஆனால் மின்சாரம் இல்லாமல் வாழும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கப் பழங்குடிகள் மூன்றை வைத்து 2015-இல் வந்த ஆய்வில், அவர்கள் பெரும்பாலும் ராத்திரி ஒரே துண்டாகத்தான் உறங்கினார்கள். இயற்கை என்று சொல்லித் தேட வேண்டாம், உங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள்.

மூன்றாவது என்னுடையது, ஆந்தைக் கணக்கு. இரவு 2:45-க்குப் படுத்துக் காலை 10:15-க்கு எழுவது. கலிபோர்னியாக்காரர்களுக்கு வேலை செய்ய வசதி. ஆனால் விலை உண்டு. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுநேர வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியலில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி பார்த்தும் அதை மாற்றவில்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வருடக்கணக்கில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களைப் பற்றியவை. அதனால் நான் விடியும்வரை விழித்திருப்பதில்லை, மூன்று மணிக்கு மேல் எவ்வளவு காசு கொடுத்தாலும் வேலை எடுப்பதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மூன்றாவது பக்கம் வரும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நான்காம் படி: மெதுவாக நகர்த்துங்கள்

பின்னால் தள்ளுவதாக இருந்தால் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை தள்ளலாம். முன்னால் இழுப்பதாக இருந்தால் கால் மணி அல்லது அரை மணி. 11 மணிக்குப் படுக்கிறவர் பால்வெட்டுக் கணக்குக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அவசரப்பட்டு இன்றைக்கே 8 மணிக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

நகர்த்தும் கைப்பிடி வெளிச்சம். வழக்கமாக எழும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு படுகிற வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், அதற்கு முன்பு படுகிற வெளிச்சம் பின்னால் தள்ளும். சீக்கிரம் எழும்ப நினைக்கிறவர் எழும்பியதும் விளக்கைப் போட்டு, விடிந்ததும் முற்றத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும், அந்திக்கு மேல் விளக்கைக் குறைக்க வேண்டும். ஆந்தைக் கணக்குக்குப் போகிறவர் தலைகீழ்: இரவில் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரம் மங்கலாக்கி, விடிகாலை வெயில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் செய்த தப்பு இதுதான். ஆரம்பத்தில் விடியவிடிய வேலையை முடித்துவிட்டு ஆறரை மணிக்கு ஜங்ஷனில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வந்து படுப்பேன், இதமான வெயில், கடைக்காரரோடு பேச்சு. என் உடம்பு இன்னும் பகல்காரன் கணக்கில் இருந்ததால் அந்த அரை மணி வெயில் ராத்திரி முழுக்கத் தள்ளியதை எல்லாம் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு மாதம் இப்படிப் போனது.

நமக்கு ஒரு சௌகரியம், இங்கே வருடம் முழுக்கச் சூரியன் காலை ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் உதிக்கும். குளிர் நாடுகளில் இருப்பவர்களைப் போல டிசம்பருக்கு ஒன்று ஜூனுக்கு ஒன்று என்று அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை.

மெலடோனின் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். அதையோ உறக்க மாத்திரையையோ மெடிக்கலில் கேட்டு வாங்கி நீங்களாகவே தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: அறை

பகலில் உறங்குகிறவருக்கு மூன்று எதிரி: வெளிச்சம், சத்தம், சூடு.

எங்கள் வீடு ஓட்டு வீடு. என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு கண்ணாடி ஓடு, தாத்தா காலத்தில் அறைக்கு வெளிச்சம் வரட்டும் என்று வைத்தது. காலை 7:40 ஆனால் அதிலிருந்து ஒரு சதுர வெளிச்சம் என் வலது தோளில் விழும், எட்டேகாலுக்குக் கழுத்துக்கு வரும், எட்டரைக்குக் கண். தலைமாட்டை மாற்றிப் போட்டேன், கட்டிலை நகர்த்தினேன், அது வேறு வழியில் வந்து பிடித்தது. கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு வைத்த பழைய ஃப்ளெக்ஸை நாலாக மடித்து ஓட்டுக்கு மேலே போட்டுக் கல் வைத்தேன். இப்போது என் அறைக்கு மேல் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பு. கையை முகத்துக்கு நேரே நீட்டினால் விரல் தெரியக்கூடாது, அதுதான் அளவு.

சத்தத்துக்கு முழு மருந்து கிடையாது. ஒன்பது மணிக்கு மீன்காரர் ஹாரன், பத்து மணிக்கு கூரியர் தம்பியின் போன், கோவில் கொடை என்றாலும் சர்ச் திருவிழா என்றாலும் மைக் செட். மெடிக்கலில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானும், ஓசை கூடின பழைய டேபிள் ஃபேனும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி அடங்கும். போனில் இரண்டே இரண்டு எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கிற மாதிரி வைத்துவிட்டு மற்றதை ஊமையாக்குங்கள். கொடைக்கு மைக் கட்டுகிற மூன்று நாள் மட்டும் நான் மார்த்தாண்டத்தில் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன், போராடிப் பயனில்லை.

காங்கிரீட் வீடு மாடி அறையென்றால் பகல் உறக்கத்தை மறந்துவிட்டுக் கீழே வாருங்கள். மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளை முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள், அன்றைக்கு ஃபேன் இல்லாமல் பகலில் யாரும் உறங்க முடியாது, அதற்கு முந்தின ராத்திரி சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் மட்டும் நமக்கு வரம். ஜூனிலும் பெய்கிறது, அக்டோபரிலும் பெய்கிறது, ஓட்டில் மழை விழுகிற சத்தத்துக்கு ஈடான காதடைப்பான் எதுவும் இல்லை.

ஆறாம் படி: சாயாவும் சாப்பாடும்

குடித்த காஃபினில் பாதி கழிய ஏறத்தாழ 5 மணி நேரமாகும், சிலருக்குக் கூடவும் ஆகும். படுக்கிற நேரத்திலிருந்து 8 மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள், அதோடு சாயாவை நிறுத்துங்கள். 2:45-க்குப் படுக்கிற எனக்குக் கடைசிச் சாயா மாலை ஆறே முக்கால். ராத்திரி வேலைக்காரர்கள் நடுச்சாமத்தில் பிளாஸ்கில் இருந்து ஊற்றிக் குடிப்பார்கள், படுத்ததும் உறங்கியும் போவார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆழ்ந்த உறக்கம் குறைந்திருக்கும், அது அவர்களுக்குத் தெரியாது.

இரவில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. அதனால் பெரிய சாப்பாட்டை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒருமணிக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வேலை செய்ய உட்கார்ந்த ராத்திரிகளில் நான் என்ன எடிட் செய்தேன் என்று இப்போது பார்த்தால் எனக்கே புரியாது. பசித்தால் இரண்டு மட்டிப்பழம், கொஞ்சம் நிலக்கடலை போதும்.

ஏழாம் படி: எந்த நேரத்தில் எந்த வேலை

முதல் படியில் எழுதிய டைரியை எடுங்கள். நன்றாக ஓடிய இரண்டு மணி நேரம் பெரும்பாலும் ஒரே இடத்தில் கூடும். எனக்கு அது இரவு 9 முதல் 11. கதை கோர்ப்பது, கணக்குப் போடுவது, விலை பேசுவது எல்லாம் அங்கே. கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, பேக்கப் எடுப்பது, பில் அடிப்பது மாதிரி மூளை அதிகம் வேண்டாத வேலை கடைசி ஒரு மணி நேரத்துக்கு. முடித்த வேலையை அன்றைக்கே அனுப்பாமல், உறங்கி எழும்பி ஒருதடவை பார்த்துவிட்டு அனுப்புவது என்று நாய்த் தீவனத்துக்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். அமெரிக்காக்காரர் காலையில் எழும்பும்போது நமக்கு மாலை, அதற்குள் நான் பார்த்து முடித்திருப்பேன், அவருக்கு வித்தியாசமே தெரியாது.

நடுவில் அசந்து வந்தால் 20 நிமிடம் உறங்குங்கள், அலாரம் வைத்து. விமானிகளை வைத்து நாசா செய்த சோதனையில் சராசரியாக 26 நிமிடம் உறங்கியவர்களுக்கே கவனம் தெளிவாகக் கூடியது. முக்கால் மணி நேரம் உறங்கினால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழும்ப வேண்டியிருக்கும், அரை மணி நேரத்துக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருக்கும். ஒன்று 20 நிமிடம், இல்லையென்றால் ஒரு முழுச் சுற்று, ஒன்றரை மணி நேரம்.

எட்டாம் படி: வீட்டுக்காரர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி, ஆனால் இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "மக்களே, சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, இன்னும் எழும்பலியா?" என்று அம்மா கதவைத் தட்டாத நாள் முதல் வருடத்தில் கிடையாது. பகலில் உறங்கினால் வீட்டுக்கு மூதேவி வரும் என்பது அவருடைய கட்சி. ஆராய்ச்சி எல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் கை கொடுத்தது சித்தப்பாதான். "அவன் ராத்திரி வெட்டுக்குப் போறான்னு வச்சுக்கிடுங்க மயினி" என்று ஒரே வார்த்தை சொன்னார். அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. வெட்டுக்குப் போய் வந்தவரை உச்சை உறக்கத்தில் எழுப்புவது எங்கள் ஊரில் பாவம்.

நீங்களும் வீட்டுக்குப் புரிகிற ஒரு பெயரை வையுங்கள். ஷிப்ட் என்று சொன்னால் பெரும்பாலான வீட்டில் போதும். எழும்பும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், எந்தெந்த விஷயத்துக்கு எழுப்பலாம் என்பதையும். எங்கள் கதவில் இருப்பது: ஆஸ்பத்திரி, கேஸ் சிலிண்டர், கரண்ட்காரர். பாங்க், கிராம நிர்வாக அலுவலகம், ரேஷன் கடை வேலைகளை எல்லாம் வாரத்தில் ஒரே நாள் மதியத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகிறவர்களுக்கு ஆந்தைக் கணக்கு வாராவாரம் உடையும். சனி ராத்திரி வேலை வைக்காமல் ஒரு மணிக்குப் படுத்து, பூசை முடிந்து வந்து மதியம் ஒன்றரை மணி நேரம் உறங்கினால் சமாளிக்கலாம், திங்கள் பழைய நேரத்துக்கே எழும்ப வேண்டும். கல்யாணம், மரண வீடு எதையும் உறக்கத்துக்காகத் தவிர்க்காதீர்கள், ஊரில் இருந்துகொண்டு அது நடக்காது. மறுநாள் நேரத்துக்கு எழும்பி, மதியம் ஒரு சுற்று உறங்கி, அன்றைக்குப் படுக்கிற நேரத்தைப் பழையபடி வைத்தால் இரண்டே நாளில் சரியாகும். எழும்பும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், படுக்கும் நேரம் தானாகப் பின்னால் வந்து சேரும்.

ஒன்பதாம் படி: மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்

மூன்று கேள்வி. அலாரம் அடிக்கும் முன் அல்லது அதோடு ஒட்டி விழிப்பு வருகிறதா? திருத்தம் கேட்டுத் திரும்பி வருகிற வேலை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? உட்கார்ந்த இடத்தில், சாப்பிடும்போது, பேசும்போது கண் சொக்குகிறதா? மூன்றாவதற்கு ஆமாம் என்றால் அட்டவணையை விட்டுவிட்டுப் பழைய நேரத்துக்குத் திரும்புங்கள். 7 மணி நேரம் உறங்கியும் அப்படி இருந்தால், அல்லது பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுக்கிறவர் சொன்னால், அது அட்டவணைக் கோளாறு இல்லை, டாக்டரிடம் போங்கள்.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவர் அளவுக்கு மந்தமாகும் என்று சோதித்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவே 0.03. ராத்திரி வேலையை முடித்துவிட்டு நாகர்கோவிலில் யாரையோ முதல் ரயிலுக்கு விட பைக்கில் கிளம்பிய ஒரு விடிகாலை, தக்கலை தாண்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் வில்லுக்குறியில் ஒரு டெம்போவின் ஹாரன். நடுவில் இருந்த ரோடு என் நினைவில் இல்லை. அன்றிலிருந்து அப்படிப்பட்ட காலைகளில் பஸ் அல்லது ஆட்டோ. பின்சீட்டில் உறங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.